கடைசி இரண்டு ஆப்ஷன்

மணப்பாறையில் உட்கார்ந்துகொண்டு சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று 2019-இல் ஒருத்தி சொன்னால், ஆர்.எஸ். அகர்வாலின் தலையணை மொத்த ரீசனிங் புத்தகத்தைப் போட்டுப் பார்க்கிறாள் என்றுதான் பொருள். வங்கித் தேர்வுக்குப் படித்த பக்கத்து வீட்டு அண்ணன் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போகும்போது அதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆறு மாடியில் ஆறு பேர் குடியிருப்பார்கள். ஒருத்தர் வடக்கே நடந்து வலப்பக்கம் திரும்பி மறுபடியும் இடப்பக்கம் திரும்புவார். போடப் போட வேகம் வந்துவிடும். ரத்த உறவுக் கணக்கில் மட்டும் எனக்கு ஒரு சங்கடம். இன்னார் இன்னாருக்கு என்ன உறவு என்று கேட்டு, ஒரே ஒரு விடையைத்தான் சரி என்பார்கள். எங்கள் சொந்தத்தில் தாய்மாமனே மாமனாராகவும் இருப்பார், அவர் வீட்டுக்காரம்மா அப்பாவுக்குத் தங்கையாகவும் இருப்பார். கணக்குப் போட்டவருக்கு எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை அனுப்பிவைக்கலாம் என்று தோன்றும்.

அந்த நவம்பரில் தேர்வு முறையையே மாற்றிவிட்டார்கள். அதுவரை 200 கேள்வி, அதில் 40 லாஜிக்கல் ரீசனிங். இனிமேல் 150 கேள்விதான்; ஆனால் எல்லாமே பத்தி படித்துப் பதில் சொல்வது என்று தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு அறிவித்தது. ரீசனிங்கில் சுமார் 300 வார்த்தையில் ஒரு பத்தி. ஒருவர் எதையோ வாதிடுவார். அவர் சொல்லாமல் விட்டுக் கடந்துபோன அனுமானம் எது, எந்தச் செய்தி வந்தால் வாதம் உடையும், இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்று கீழே கேள்விகள் வரும். வட்ட மேசைக்காரர்கள் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். நான் பாதிக்கு மேல் போட்டு முடித்திருந்த அந்தப் புத்தகம் ஒரே வாரத்தில் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

மாமாவுக்கு இது ஒரு வாய்ப்பு. "அதான் மாத்திட்டானுங்கள்ல, விட்டுடு பாப்பா. ப்ளஸ் டூ மார்க்குக்கு திருச்சி லா காலேஜ்லயே சீட்டு கிடைக்கும். பரீட்சையே கிடையாது. இதுக்கு எதுக்கு நாலாயிரம் ரூபா கட்டிக்கிட்டு?" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் மார்க்கை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். கிளாட் விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய் என்பதும் நிஜம். ஆனால் திருச்சிக்குப் போகும்போதெல்லாம் திண்டுக்கல் ரோட்டில் நாவலூர் குட்டப்பட்டு சட்டப் பல்கலைக்கழகத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து எனக்கு அங்கேதான் படிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆசைக்கு மாமா கேட்ட மாதிரி காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

புது மாதிரிக் கேள்விக்குப் புத்தகம் இல்லை. வெளிவந்த மாதிரித் தாள்களும் சொற்பம். கோச்சிங் சேர்ந்திருந்த ஒருத்தி மூலம் விஷயம் தெரிந்தது: அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வின் பழைய தாள்களில் இதே ஜாதிக் கேள்விகள்தான் இருக்கின்றன, அதைப் போட்டுப் பார்க்கிறவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டேன். 35 நிமிஷத்தில் இருபத்தைந்து கேள்வி போல ஒரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரிப் பத்தி, ஐந்து ஆப்ஷன். பத்தியில் ஒரு நகரத்து மேயரும் பத்திரிகைக் கட்டுரையாளரும் சண்டை போடுவார்கள், இல்லாவிட்டால் டைனோசர்கள் அழியும். இதில் எதைப் பற்றியும் எனக்கு எதுவும் தெரியாது. தெரியாததே எனக்குச் சாதகம் என்பது பிறகுதான் விளங்கியது.

என் சித்தி மகள் துவரங்குறிச்சியில். என்னைவிட ஒரு வயது இளையவள், பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அவளும் எழுதுகிறேன் என்று சேர்ந்துகொண்டாள். வாதம் செய்வதில் அவளை எங்கள் குடும்பத்தில் யாரும் மிஞ்ச முடியாது. பட்டிமன்றத்தில் எந்த அணியில் போட்டாலும் அந்த அணி ஜெயிக்கும். அப்படிப்பட்டவள் இந்தக் கேள்விகளில் வரிசையாகச் சறுக்கினாள். பத்தியில் ஹெல்மெட் பற்றி வந்தால், ஹெல்மெட் பற்றி அவளுக்குத் தெரிந்த அத்தனையும் முன்னால் வந்து நிற்கும். எந்த ஆப்ஷன் உண்மையோ அதை டிக் செய்துவிடுவாள். இந்தக் கேள்விகளைத் தயாரிக்கிறவர்களின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. தவறான ஆப்ஷன் பொய்யாக இருக்காது. பெரும்பாலும் உலகத்தில் நூற்றுக்கு நூறு உண்மையான ஒரு சங்கதியாக இருக்கும். கேட்ட கேள்விக்கு மட்டும் அது பதிலாக இருக்காது.

அந்த ஹெல்மெட் கேள்வியையே சொல்கிறேன். ஒரு ஊரில் ஹெல்மெட் கட்டாயமாகிறது. எல்லாரும் போட ஆரம்பிக்கிறார்கள். விபத்துகளின் எண்ணிக்கை முன்னே மாதிரியேதான். ஆனால் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். ஹெல்மெட் வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால் இது எப்படி? கடையில் விற்பதெல்லாம் மட்டமான ஹெல்மெட் என்று ஓர் ஆப்ஷன். ரோட்டோரத்தில் தார்ப்பாய் விரித்து விற்பதைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் மட்டமான ஹெல்மெட் என்றால் காயம் குறையாமல் போகும்; கூடுவானேன்? சரியான விடை வேறு: முன்பு அந்த இடத்திலேயே செத்து நேரே பிணவறைக்குப் போனவர்கள் இப்போது உயிரோடு வார்டுக்கு வருகிறார்கள். இதைப் படித்துவிட்டு என் சித்தி மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா ரோட்டுல விக்கிற ஹெல்மெட் மட்டம்தானக்கா" என்றாள். மட்டம்தான், யார் இல்லை என்றது?

அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே அவருக்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும். ஸ்பைரல் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் எல்லாரும் கதையோடு வருவார்கள். கிணற்றில் எங்களுக்கும் பாதி என்று பெரியவர் வாயால் சொன்னார், நடைபாதை விடுவதாகப் பேச்சு, அது ஊருக்கே தெரியும். அப்பா கதையைக் குறுக்கிடாமல் கேட்பார், காபிகூட வாங்கிக் கொடுப்பார். பிறகு மூலப்பத்திரத்தை விரித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை நகர்த்தி, நான்குமால் விவரம் முடியும்வரை படிப்பார். "இதுல எங்க இருக்கு, காட்டுங்க" என்பார். அவ்வளவுதான். எழுதி முடித்த ஆவணத்தின் வாசகத்துக்கு முரணாக வாய்மொழிச் சாட்சியத்தைக் கொண்டுவர முடியாது என்று இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 91, 92-ஆம் பிரிவுகள் சொல்வதைக் கல்லூரியில் நடத்தியபோது, விதிவிலக்குகளைத் தவிர எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அவை 94, 95 ஆகியிருக்கின்றன. எண்தான் மாறியிருக்கிறது.

அப்பாவின் விரலைத்தான் நான் ரீசனிங்குக்கு எடுத்துக்கொண்டேன். ஒரு ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால் அது பத்தியில் எந்த வரியில் நிற்கிறது என்று பென்சிலால் தொட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் எவ்வளவு அழகான ஆப்ஷனாக இருந்தாலும் அடித்துவிட வேண்டும். இப்படிச் செய்தால் கிளாட்டின் நான்கு ஆப்ஷனில் இரண்டு சுலபமாக விழுந்துவிடும். கடைசி இரண்டில்தான் உயிர் போகும். கிளாட்டுக்குப் படித்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு கேள்விக்கு அப்போது கிடைத்தது 48 விநாடி, பத்தி படிக்கிற நேரமும் அதற்குள்தான். அந்தக் கடைசி இரண்டுக்கு நடுவே எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்பதில் பாதி கரைந்துவிடும். தப்பானால் கால் மார்க் போகும்.

2020 மார்ச்சில் ப்ளஸ் டூ பரீட்சை முடியவும் ஊரடங்கு வரவும் சரியாக இருந்தது. மே 10-ஆம் தேதி நடக்க வேண்டிய கிளாட் தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. வீட்டைவிட்டு இறங்க முடியாத அந்த மாதங்களில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போனில் நாங்கள் இருவரும் கேள்வி போடுவோம். எல்சாட் தாள்கள் தீர்ந்துபோனதும் நாங்களே தமிழில் கேள்வி தயாரிக்க ஆரம்பித்தோம். இது விளையாட்டாகத்தான் தொடங்கியது. தேர்வு முழுக்க ஆங்கிலத்தில். எங்களுக்கோ வாக்கியம் நீண்டால் வாதத்தை விட்டுவிட்டு வார்த்தையைத் துரத்திக்கொண்டு ஓடும் வழக்கம். தமிழில் போட்டால் அந்தச் சாக்கு கிடையாது. எலும்புக்கூடு மட்டும் தெரியும்.

நான் தயாரித்ததில் ஒன்று: 'எங்கள் ஊர்க் குளம் மாசியிலேயே வற்றிவிடுகிறது. குளத்தில் வண்டல் ஏறிக் கிடக்கிறது. ஆகவே தூர்வாரினால் சித்திரைவரை தண்ணீர் நிற்கும்.' இந்த வாதம் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது? அ: வண்டல் மண் வயலுக்கு நல்ல உரம். ஆ: தூர்வார ஊராட்சியிடம் பணம் இருக்கிறது. இ: தூர்வாரியபின் குளம் கூடுதலாகக் கொள்ளும் அளவுக்குத் தண்ணீர் வரும். ஈ: பக்கத்து ஊரில் தூர்வாரிப் பலன் கிடைத்திருக்கிறது.

முதலாவது உண்மை, ஆனால் சம்பந்தமில்லை. இரண்டாவது கொஞ்சம் ஆசைகாட்டும். ஆனால் பத்தி 'தூர்வாரினால்' என்றுதான் பேசுகிறது. பணம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மிச்சம் இரண்டு. சித்தி மகள் ஈ-யில் உட்கார்ந்துகொண்டாள்.

"பக்கத்து ஊர்ல பலன் குடுத்திருக்குல்ல, அதானக்கா வாதத்துக்கே பலம்?"

"பலம்தான்டி. ஆனா கேட்டது பலம் எதுன்னு இல்ல. எது இல்லாட்டி வாதம் விழும்னு கேட்டிருக்கு."

"பக்கத்து ஊர்ல பலிக்கலன்னா இங்க மட்டும் எப்படி பலிக்கும்?"

"அந்த ஊர்க் குளம் அடியில பாறையா இருந்திருக்கலாம். கரை உடைஞ்சிருக்கலாம். அங்க பலிக்கலன்னாலும் இங்க பலிக்க வழி இருக்கு. இப்ப இ-ய மறுத்துப் பாரு. தூர்வாரியாச்சு, குளம் ஆழமாயிருச்சு, வரத்து இல்ல. எந்தத் தண்ணி சித்திரைவரைக்கும் நிக்கும்?"

மறுத்துப் பார்க்கிற இந்த உத்தியைத்தான் பயிற்சி வகுப்புகளில் நெகேஷன் டெஸ்ட் என்கிறார்கள். ஆப்ஷனை அப்படியே தலைகீழாக்கு. முடிவு சரிந்தால் அதுதான் அந்த வாதத்தின் அனுமானம். சரியாமல் தள்ளாடினால் அது வெறும் முட்டுக்கொடுக்கிற சங்கதி. அனுமானக் கேள்விகளில் கடைசி இரண்டாக நின்றவை அநேகமாக இந்த ஜோடிதான்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் ஓடியது. திண்ணையில் படுத்திருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வரத்து வாரியில பாதி இப்ப வீட்டு மனை. எந்தக் குளத்தத் தூர்வாரி என்ன பண்றது?" என்று திரும்பிப் படுத்தார். விடை இ என்று அவரும் சொல்லிவிட்டார் என்று நான் சொன்னேன். அது பத்தியிலேயே இல்லாத சங்கதி, பெரியப்பா வெளி விவகாரத்தை உள்ளே கொண்டுவருகிறார், அவருடைய ஓட்டு செல்லாது என்று சித்தி மகள் ஆட்சேபித்தாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த விதி அது. ஆட்சேபம் செல்லும்.

செப்டம்பரில் குழப்பம் உச்சத்துக்குப் போனது. பெங்களூர் தேசியச் சட்டப் பள்ளி கிளாட்டை விட்டு விலகித் தனியாக என்லாட் என்று ஒரு தேர்வை அறிவித்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம், 45 நிமிஷத்தில் 40 கேள்வி. செப்டம்பர் 12-ஆம் தேதி நடத்தியும் விட்டார்கள். 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எங்களுக்கு அந்தத் தேர்வை எழுதுகிற உத்தேசமே இல்லை. வீட்டில் இருந்த நெட் வேகத்துக்கு அப்படி ஒரு உத்தேசம் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆனாலும் தீர்ப்பை டவுன்லோடு செய்து, வாதத்துக்கு வாதம் பென்சிலால் கோடு போட்டுப் படித்தோம். நான் முழுசாகப் படித்த முதல் தீர்ப்பு அதுதான். எல்சாட் பத்தியைவிட நீளமே தவிர, படிக்கிற விதம் ஒன்றுதான்: இவர் என்ன முடிவுக்கு வருகிறார், எதன் மேல் நிற்கிறார், நடுவில் எதைத் தாண்டிக் குதிக்கிறார்.

செப்டம்பர் 28-ஆம் தேதி திருச்சியில் தேர்வு. முகக்கவசமும் கையில் சானிடைசருமாக வாசலில் வரிசை. ஹால் டிக்கெட் இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார் காவலாளி. பின்னால் நின்ற பையன் தன்னிடம் ஹால் டிக்கெட் இருக்கிறது, அதனால் விட்டுத்தான் ஆக வேண்டும் என்று வாதிட்டுக்கொண்டிருந்தான். நெற்றியில் வெப்பமானி காட்டியது என்னவோ தெரியவில்லை, ஓரமாக உட்காரவைத்து, கொஞ்சம் கழித்துத்தான் அவனை உள்ளே அனுப்பினார்கள். 'இருந்தால்தான்' வேறு, 'இருந்தாலே போதும்' வேறு. அந்த வேறுபாட்டின் மேல் கட்டிய கேள்விகள் எத்தனையோ போட்டிருக்கிறேன். வாசலிலேயே ஒன்று கிடைத்தது. உள்ளே நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. திரையில் பத்தி, பக்கத்தில் கேள்வி. பென்சிலால் தொட முடியாததால் விரலால் தொட்டுப் படித்தேன்.

எனக்கு நாவலூர் குட்டப்பட்டில், தமிழ்நாட்டு மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. சித்தி மகள், மாமா சொன்ன வழியில், மார்க்கை வைத்து அரசு சட்டக் கல்லூரிக்குப் போனாள்.

கல்லூரியில் குற்றவியல் பாடத்தில் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கு வந்தபோதுதான் அந்த ஸ்பைரல் நோட்டின் அருமை தெரிந்தது. 1984-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. இளம் மனைவி இறந்துகிடக்கிறாள், கணவன் மேல் கொலைக் குற்றம். நேரில் பார்த்த சாட்சி இல்லை. எல்லாம் சூழ்நிலைச் சாட்சியம். அப்படிப்பட்ட வழக்கில் ஒருவரைத் தண்டிக்க எதெல்லாம் வேண்டும் என்று நீதிமன்றம் ஐந்து நிபந்தனைகளை வகுத்தது. கண்ணிகள் அறுபடாத சங்கிலியாக இருக்க வேண்டும். குற்றவாளி என்பதைத் தவிர வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது. 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சுட்டிக்காட்டி, ஒரு சங்கதி நிரூபணமாகி 'இருக்கலாம்' என்பதும் 'இருந்தே ஆக வேண்டும்' என்பதும் வெறும் இலக்கண வித்தியாசம் அல்ல, சட்ட வித்தியாசம் என்றது. கணவன் விடுதலையானான். கிளாட் பத்தியில் 'இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது எது' என்று கேட்டுவிட்டு, இருக்கக்கூடியதை ஓர் ஆப்ஷனாகவும் இருந்தே தீர வேண்டியதை இன்னொன்றாகவும் வைப்பார்களே, அதே இரண்டு. அங்கே பிசகினால் கால் மார்க் போகும், இங்கே ஒரு மனிதன் தூக்குமேடைக்குப் போவான்.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று அதுவரை நினைத்திருந்தேன். விடுமுறையில் மணிமேகலையைப் புரட்டியபோது 29-ஆம் காதையில் அறவண அடிகள் தர்க்கப் பாடமே நடத்திக்கொண்டிருந்தார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எப்படியெல்லாம் போலியாகும் என்று வகை பிரித்து அடுக்குகிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் பார்க்கிறோமே அது போல என்று உதாரணம் வேறு. பள்ளிக்கூடத்தில் அமுதசுரபிக்கு மேலே யாரும் எங்களைக் கூட்டிப்போகவில்லை. பரீட்சைக்கு வராது என்று விட்டிருப்பார்கள். வந்த பரீட்சை இதுதான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இப்போது மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். மனு எழுதுவதில் அப்பாவின் விரல் உதவுகிறது. குறுக்கு விசாரணை வேறு விவகாரம். சித்தி மகள் மணப்பாறை கோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் சாட்சியை விசாரித்ததைப் போய்ப் பார்த்தேன். கதிரறுப்பு எந்த மாசம், அன்றைக்கு வண்டி யாருடையது, மாடு எத்தனை என்று பத்தியில் இல்லாத உலகத்தையெல்லாம் இழுத்துவந்து, அந்தப் பெரியவரைத் தன் வாயாலேயே தன் வாக்குமூலத்தை மறுக்கவைத்தாள். கிளாட் தாளில் இதற்கு மார்க் கிடையாது. கால் மார்க் குறைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போனால் கிளாட் எழுதுகிற பிள்ளைகள் சிலருக்குக் கேள்வி தயாரித்துக் கொடுக்கிறேன். 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து 120 கேள்விதான், மூச்சுவிடக் கொஞ்சம் நேரம் கூடியிருக்கிறது. தயாரிக்க உட்கார்ந்தால்தான் தெரிகிறது, சரியான விடை எழுத இரண்டு நிமிஷம் போதும். அதன் பக்கத்தில் நிற்கிற அந்தத் தவறான விடைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ரொம்பப் பொய்யாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். கொஞ்சம் கூடுதலாக நியாயம் பேசிவிட்டால் அதுவும் சரி என்று ஆகிவிடும். பெரிய இடத்திலேயே இது நடக்கிறது. 2024 டிசம்பர் முதல் தேதி நடந்த கிளாட்டில் இரண்டு கேள்விகளுக்குக் கொடுத்த விடை தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மாதமே தீர்ப்பளித்தது. பல மாநில உயர் நீதிமன்றங்களில் போட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் டெல்லிக்கே மாற்றி, கடைசியில் 2025 மே மாதம் தானே விடைகளில் கைவைத்து முடித்தது. அனுபவசாலிகளான நீதிபதிகள் ஆ-வா இ-யா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று.

அந்தச் செய்தி வந்த அன்றைக்கு சித்தி மகள் லிங்கை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "பாத்தியாக்கா? உச்ச நீதிமன்றமே கீயைத் திருத்துது. குளத்துக் கேள்விய மறுபரிசீலனை பண்ணு. ஈ-யும் சரிதான்" என்று எழுதியிருந்தாள். காலக்கெடு தாண்டிய மனு, தள்ளுபடி என்று பதில் போட்டேன். தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போடப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.